மிஷின் பொய் சொல்லாது

தன் கருப்பட்டிக் காப்பியை ஓரமாக வைத்துவிட்டு, வீரலட்சுமி கணவர் தவசியின் விரலைக் குத்திப் பிதுக்கினாள். மகன் துபாயிலிருந்து அனுப்பிய சுகர் மிஷின் இன்றும் முந்நூறைத் தாண்டியது.

“உண்மையச் சொல்லுங்க. உச்சிப்புளி டீக்கடையில என்னத்தத் தின்னீக?”

“சத்தியமா ஒண்ணுமில்ல புள்ள.”

“அப்ப மிஷினு பொய் சொல்லுதா?”

சட்டைப்பையைத் துழாவிவிட்டாள், டீக்கடைக்காரரையும் விசாரித்துவிட்டாள். துப்புக் கிடைக்கவில்லை. மிஷின் காட்டிய கணக்கைக் கேட்டு டாக்டர் மாத்திரையை இரண்டாகக் கூட்டியும் சுகர் இறங்கவில்லை. தவசிதான் நேற்று வயலில் மயங்கி விழுந்தார். திருட்டுத் தீனியின் பலன் என்று அதற்கும் திட்டினாள்.

தவசி குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

“என்ன புள்ள, விரலு இனிக்குது?”

“இனிக்காம? ரத்தத்துல அம்புட்டுச் சீனி!”

“சீனி இல்ல புள்ள. கருப்பட்டி.”

வீரலட்சுமி தன் வலது கையைப் பார்த்தாள். தினமும் தன் காப்பிக்குக் கருப்பட்டியை நொறுக்கிய கையோடுதான் அவர் விரலைப் பிதுக்குகிறாள்.

அவருக்குக் கொடுக்க எடுத்த இரண்டு மாத்திரைகளும் இடது கையில் இருந்தன.