பன்னிரண்டாவது கால்

மாதா கோயில் அலமாரியில் ஒரு பித்தளைப் பாத்திரம் இருந்தது. பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும்போது மட்டும் அதை வெளியே எடுப்பார்கள்.

“இதெல்லாம் ஒரு ஊழியமா?” என்று பக்கத்தில் மடித்து வைத்திருந்த துண்டிடம் அது வருஷம் முழுக்கப் புலம்பும். “வருகிறவர்கள் எல்லோரும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆண்டவரே, ஒரே ஒரு அழுக்குக் காலை எனக்குக் கொடுக்கக் கூடாதா?”

இந்த வருஷம் பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. சாக்கடை அள்ளிவிட்டு நேராகப் பூசைக்கு வந்து வாசலில் நின்ற சந்தியாகுவை அழைத்து உட்கார வைத்தார்கள். அவர் குதிகால் வெடித்திருந்தது. வெடிப்பெல்லாம் கறுப்புச் சேறு.

பாத்திரம் அந்தக் காலைப் பார்த்தது. அன்று விடிந்ததும்தான் பாத்திரத்தைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருந்தார்கள்.

சட்டென்று அது பின்னால் நகர்ந்துகொண்டது. தண்ணீர் தளும்பிச் சாமியாரின் அங்கியில் கொட்டியது.

சந்தியாகு பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். “மன்னிச்சிடுங்க சாமி, என் காலு தட்டிருச்சு” என்றவர், சாமியார் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வெளியே போய்விட்டார்.

பூசை முடிந்து பாத்திரத்தையும் துண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

“அவர் கால் உன்மேல் பட்டதா?” என்று கேட்டது துண்டு.

“படவே இல்லை” என்றது பாத்திரம்.

அதன் அடியில் மிச்சமிருந்த தண்ணீர் குடிக்கலாம்போல் தெளிவாக இருந்தது.