குளியல் முடிவதற்குள்

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் அவள் அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு ஓடினாள்.

பன்னிரண்டு நிமிடம். அதற்குமேல் அவன் குளிக்க மாட்டான்.

கூடத்தில் பாய். பாய் மேல் ஐந்து வயது மிதிலா, அழுது முடித்த மூக்கோடு. எதிரில் சுருதிப் பெட்டி, ஊம் என்று ஒலித்தபடி.

"இன்னைக்கும் சுருதி சேரலைன்னா கிளாஸ் கட். குளிச்சுட்டு வந்து நானே வீடியோ எடுத்து டீச்சருக்கு அனுப்பறேன். கேட்டுட்டு அவங்களே போதும்னுடுவாங்க."

மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சால்வை வாங்கிய வித்துவான் மாதிரி.

வித்துவான்!

மூன்று வருடம் பாட்டுக் கற்றவன். அதுவும் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால். அந்த மூன்று வருடத்தை வைத்துக்கொண்டு, சிலிண்டர் போட வருகிற ஆளுக்குக்கூட ராகம் விளக்குவான். கச்சேரிக்குப் போனால் பாடுகிறவரைவிட அதிகமாகத் தலையாட்டுவான். அவன் பாட்டை இன்றுவரை முழுசாகக் கேட்டது குளியலறை ஓடுகள் மட்டும்தான்.

ஓடுகளுக்குக் கால் இல்லை.

உள்ளே தண்ணீர் விழுந்தது. பாட்டும் ஆரம்பித்தது.

நல்லது. பாடுகிறவரை வெளியே வர மாட்டான். குரல் மேலே போகிற இடம் வரும்போதெல்லாம் குழாயை இன்னும் கொஞ்சம் திறப்பான். ஏழு வருடமாக அவள் கேட்கிறாள். அந்த இடத்தில் எப்போதும் தண்ணீர்தான் பாடும்.

அவளுக்குச் சங்கீதம் தெரியாது. விருந்தாளி வந்தால் அவன் முதலில் சொல்வதே அதுதான். "இவளுக்கு மிக்ஸியும் மிருதங்கமும் ஒண்ணு. பொண்ணுக்கும் அம்மா வீட்டுக் காதுதான்."

ஆனால் ஒன்று தெரிந்திருந்தது.

டீச்சர் வீட்டில் மிதிலா நன்றாகப் பாடுகிறாள். இட்லிக்குக் காத்திருக்கும்போது தன்பாட்டுக்குப் பாடினாலும் நன்றாக இருக்கிறது. இந்தப் பெட்டியை வைத்து, இவன் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது. இரண்டு மாதமாக.

கோளாறு குழந்தையிடம் இல்லை.

குனிந்தாள். பெட்டியில் ஒரு குமிழ். சுற்றிலும் எண்கள். முள் ஒன்றில் நின்றது.

ஒன்று. அடித் தொண்டை. இப்போது குளியலறையில் முனகிக்கொண்டிருக்கும் அதே இடம்.

அடப்பாவி. தன் சட்டையைக் குழந்தைக்கு மாட்டிவிட்டு, உனக்கு உடம்பு சரியில்லை என்று திட்டியிருக்கிறான்.

"மிதிலா, இட்லிக்குப் பாடுவியே, அப்படிப் பாடு. பெட்டியைப் பாக்காதே."

"ஸா..."

குமிழைத் திருகினாள். இரண்டு. பெட்டிக்கும் குழந்தைக்கும் சண்டை. மூன்று. சண்டை. நான்கு. இன்னும் முறைத்துக்கொண்டிருந்தன.

ஐந்து.

சண்டை நின்றது.

எது பெட்டி, எது குழந்தை என்று தெரியவில்லை. மிதிலாவுக்கே தெரியவில்லை போல. கண்ணை அகல விரித்து, மூச்சு முடியும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு ரி. க. ம. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. டீச்சருக்கு அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது.

உள்ளே மக் உருண்டது. பாட்டு நின்றது.

துண்டு. இன்னும் ஒரு நிமிடம்.

பாவம், தெரியாமல் செய்திருப்பான் என்று ஒரு நொடி தோன்றியது. மூன்று வருடச் சங்கீதம் அவ்வளவுதான். குழந்தை எதிரில் வேண்டாம். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். முள்ளைப் பழையபடி ஒன்றுக்குத் திருப்பக் கையை வைத்தாள்.

விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

ஐந்தின் தலையில், வட்டமாக, பசை. தூசி படிந்து கறுத்த பசை.

"இங்கே என்னடி ஒட்டியிருந்தது?"

"டீச்சர் பொட்டு. முத நாள் அவங்க நெத்தியிலேர்ந்து எடுத்து ஒட்டினாங்க. முள்ளு பொட்டை விட்டு நகரவே கூடாதுன்னாங்க. அப்பாகிட்டயும் சொன்னாங்க."

"எங்கே அது?"

"வீட்டுக்கு வந்ததும் அப்பா பிச்சுட்டார்."

"ஏன்?"

மிதிலா உதட்டை இறுக்கிக்கொண்டாள். "சொல்லக் கூடாதுன்னிருக்கார்."

தாழ்ப்பாள் விலகியது.

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

அவன் வந்தான். காது மடலில் சோப்பு நுரை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ம், எங்கே நம்ம மகா பாடகி? ஆரம்பிக்கலாமா, இல்ல அழுதுட்டு ஆரம்பிக்கலாமா?"

அவளைப் பார்த்தான். நின்றான்.

"என்னடி இது, காலங்கார்த்தால? நெத்தியில பொட்டைக் காணோம்? நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன்."

அவன் கண் தானாகப் பெட்டிக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

போனது.

ஐந்தின் தலையில், சிவப்பாக.

மிதிலாதான் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். ஆசையாக.

"பொட்டு வந்துடுச்சுப்பா. அன்னைக்கு உங்களுக்கு எட்டாம குரல் உடைஞ்சுபோச்சே, அந்த இடம். பாடுங்க. இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்."