யாரும் போடாத பேட்ஜ்

பிரேசர் டவுன் நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுக்க இரண்டு பேர் இருந்தார்கள், உத்தமனும் சௌம்யாவும். குழந்தைகளுக்குப் படம் எடுக்கும்போது ஆடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். "நீ வெளிய நில்லும்மா, நான் புடிச்சிக்கறேன்" என்பார் உத்தமன். பிப்ரவரியில் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார்.

ஏப்ரலில் சௌம்யாவுக்குக் கர்ப்பம் உறுதியானது. இன்னொரு ஆள் கேட்டாள். ஆள் கிடைக்கும்வரை சமாளிக்கச் சொன்னார்கள். அவளே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டாள். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் வயிற்றுப் பக்கம் வெடித்திருந்தது.

உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க ஊழியர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது லேபுக்குப் போகும். லேபின் பட்டியலிலிருந்து உத்தமன் பெயரை யாரும் நீக்காததால் அவருக்கும் புது பேட்ஜ் வந்திருந்தது. சௌம்யா அதைக் கீழ்த்தளத்து ஆபீஸ் டிராயரில் உறை பிரிக்காமல் வைத்திருந்து, தன்னுடையதோடு சேர்த்து அனுப்பினாள்.

ஆகஸ்டில் லேபிலிருந்து போன் வந்தது.

"உங்களுது ஜீரோ மேடம். உத்தமன் சாருக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. பீட்டா இல்ல, காமா இல்ல, எல்லாம் எக்ஸ்ரே. ஏப்ரன் போடாம மெஷின் முன்னாடியே நிக்கறாரா?"

சௌம்யா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். உள்ளே அசைந்தது.

"கொஞ்ச நாளைக்கு அவரை அந்த ரூம் பக்கமே விடாதீங்க மேடம்."

"சொன்னா கேக்க மாட்டாரு சார்" என்றாள்.