வலது செருப்பு

யாகப்பு ஒழுங்கைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு காலால்.

நான் வேலிப் படலையடியில் கதிரை போட்டு இருந்தேன். ஒரு காலோடு.

"இஞ்சாருங்கோ, உதிலை வாறது யாகப்புத் தம்பியெல்லே! ஐயோ, நடந்தெல்லே வாறார்!"

மகாதேவி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். எனக்கு இரண்டு கால் இருந்த காலத்தில் நான் நடந்து வருவதைப் பார்க்க என் மனைவி ஒருநாளும் ஓடி வந்ததில்லை.

யாகப்புவும் நானும் ஆசுபத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மிதிவெடி அவனுடைய வலக்காலை எடுத்தது. ஷெல் என்னுடைய இடக்காலை எடுத்தது. குருநகரில் கடலுக்குப் போகிறவனுக்கும் உடுவிலில் தோட்டம் செய்கிறவனுக்கும் வேறென்ன பொருத்தம் இருக்கப்போகிறது? பாத அளவு மட்டும் ஒன்று.

சாவகச்சேரிச் சந்தையில் ஒரு சோடி செருப்பு வாங்கினோம். இடது அவனுக்கு. வலது எனக்கு. "கலியாணம் கட்டின சோடியள்கூட இப்பிடிப் பிரச்சினையில்லாமல் பிரிச்சு எடுக்காதுகள்" என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு சண்டையில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் பாதை பூட்டுப்பட்டது. சவர்க்காரத்தோடும் பெற்றோலோடும் சேர்ந்து செருப்பும் கடைகளில் இல்லாமல் போனது.

இப்போது யாகப்புவுக்கு ஜெய்ப்பூர்ப் பொய்க்கால்.

இந்தியாவுக்குப் போய்ப் பழகி வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வைத்தே செய்கிறார்கள். பாதம் மட்டும் அங்கிருந்து வருகிறதாம். ஆப்கானிஸ்தானுக்கும் இதே கால்தான் போகிறதாம். ஏழை நாடுகள் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன என்று பேப்பரில் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கை கொடுக்கட்டும். கால் ஏன் அவனுக்கு மட்டும்?

எனக்குச் சீனி வருத்தம். வெட்டின இடம் இன்னும் ஆறவில்லை. ஆறினால்தான் அளவெடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணத்தை விட்டே போயிராத நான், இந்தியாவிலிருந்து வந்திறங்கிய ஒரு பாதத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

அதற்கு விரல்கள் இருந்தன. அவனுடைய சொந்தக் காலைவிட நிறமாகவும் இருந்தது.

தண்ணீருக்குள்ளும் இறங்கலாமாம். இனி அவன் கடலுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இங்கே வந்து என்னோடு கடதாசிச் சீட்டு விளையாட அவனுக்கு நேரம் எங்கே இருக்கும்?

இன்றைக்கு ஏன் வருகிறான் என்பது, அவன் கால் போட்ட செய்தி கேட்ட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இரண்டு கால்காரனுக்கு இரண்டு செருப்பு வேண்டும்.

அதனால்தான் மினிபஸ் சந்தியில் நின்ற சத்தம் கேட்டவுடனேயே என் செருப்பைக் கழற்றி, கதிரைத் தலையணைக்குக் கீழே தள்ளி, அதன்மேல் அமுக்கி இருந்துவிட்டேன்.

கிட்ட வந்தபோதுதான் கவனித்தேன்.

நொண்டினான்.

அரைகுறையாக அல்ல. நன்றாக, ஒழுங்காக, ஒவ்வொரு எட்டுக்கும் நொண்டினான். நல்லூர் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

"என்னடா, உன்ரை இந்தியாக் கால் இழுத்து இழுத்து வருது?" முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

யாகப்பு படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"காலிலை ஒரு பிழையுமில்லை அண்ணை. ஒரு பக்கம் செருப்பு, மற்றப் பக்கம் வெறுங்கால். உயரம் பிசகுது. ரெண்டையும் கொழுவிக்கொண்டு நட எண்டு கால் செய்யிறவை நல்லாய்ப் பேசிப்போட்டினம்."

வந்துவிட்டது கதை. நான் கதிரைக் கையை இறுகப் பிடித்தேன்.

"நீ என்ன சொன்னனி?"

"மற்றது என்ரை இல்லை எண்டன். இந்தக் காலுக்கு முள்ளுக் குத்தாது அண்ணை. உங்கடை காலுக்குக் குத்துமெல்லே."

சொல்லிவிட்டு மடியிலிருந்து கடதாசிக் கட்டை எடுத்தான்.

மகாதேவி உள்ளேயிருந்து இன்னொரு கதிரையைத் தூக்கி வந்து எனக்கு எதிரே வைத்தாள்.

"ஒருக்கால் எழும்புங்கோ. அந்தத் தலையணையைத் தம்பிக்குப் போட்டுவிடுவம்."

நான் எழும்பவில்லை.

பாவம், காலில்லாத மனுசன் என்று அவள் நினைத்திருப்பாள்.