சத்தம்தான் வேணும்

இரண்டு வகை லினக்ஸ் மாற்றிப் போட்டும் சூசைமரியான் வீட்டுக் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஊமையாகவே ஓடியது. கடைக்காரன் டோனி மூன்றாவது சிடியோடு வந்து நின்றான்.

"நீயெல்லாம் காரைக்குடியில கடை வச்சிருக்க, த்தூ!"

"புதுசாப் பழகுறவுகளுக்கு விண்டோஸ்தான் தோதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஓசி சிடின்னதும் லினக்ஸுன்னீக. படந்தான் ஓடுதுல்ல, சுட்டுத் தொலைங்கண்ணே!"

"சத்தம் வரலேன்னா மிசினத் தூக்கி உன் தலையிலேயே போட்ருவேன்!"

படித்த படிப்பை நொந்துகொண்டே சவுண்டு கார்டோடு மல்லுக்கட்டினான் டோனி. மூன்று மணி நேரம் கழித்துப் பெரிய ஸ்பீக்கரில் வெடித்தது பாருங்கள், நிலைக்கதவே அதிர்ந்தது.

பாகம் பிரித்து எழுப்பிய சுவருக்கு அப்பாலிருந்து தம்பி இமானுவேல் அலறினான்: "அண்ணே! காது கிழியுது, நீயெல்லாம் மனுசனா?"

சூசைமரியான் டோனியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏழு வருசங் கழிச்சு அண்ணேங்குறான்டா! இன்னுங் கொஞ்சம் கூட்டு!"