அப்பாவின் வருமானம்

"அப்பாவோட சம்பளத்தை ஏன்மா எழுதல?" என்று கேட்டாள் டோரீன். ஓஹையோவில் ஒரு கல்லூரியின் உதவித்தொகை அதிகாரி அவள்.

எதிரே விண்ணப்பத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்திருந்த மாணவி கோரா வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "முன்னாடி லாரி ஓட்டினேன் மேடம். இப்ப கிடங்குல மூட்டை தூக்கறேன். என் சம்பளத்தை எழுதினா பொண்ணுக்கு உதவி கூடுமா, குறையுமா?"

"குறையலாம். அதுக்காக மறைப்பீங்களா? இங்க வர்ற அப்பாக்கள் எல்லாருமே இப்படித்தான்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவர் எங்கப்பா இல்ல," என்றாள் கோரா. "அப்பா, அம்மா ரெண்டு பேருமே மூணு வருஷம் முன்னாடி கார் விபத்துல போயிட்டாங்க."

டோரீன் பதறிவிட்டாள். "ஐயோ, மன்னிச்சுக்கம்மா! அப்படின்னா உன் வருமானம் மட்டும் போதும். உதவியும் நல்லாவே கிடைக்கும். சார் உனக்குச் சித்தப்பாவா?"

"எங்க கார் மேல மோதின லாரியை ஓட்டினவர். தூக்கத்துல கண் அசந்துட்டார்."

டோரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜெயில்லேர்ந்து வந்ததும் நேரா எங்க வாசல்ல வந்து நின்னார். 'நான் என்னம்மா செய்யட்டும்'னு அழுதார். அப்பா இருந்தா என்னைக் காலேஜ்ல சேர்க்க அவர் வந்திருப்பார், அவருக்குப் பதிலா நீங்க வாங்கன்னு சொன்னேன்."

அவர் சட்டென்று எழுந்தார். "நான் வெளியில இருக்கேன்மா."

"உட்காருங்க," என்றாள் கோரா. "இன்னும் சேர்த்து முடிக்கல."