முப்பத்திநாலாம் கேள்வி

மறுபடியும் தப்பு.

விடைப்பட்டியலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் மாறிவிடுமா என்ன? முப்பத்திநாலுக்கு நேரே 'இ' என்றுதான் இருந்தது. அவள் போட்டது 'ஆ'.

பார்மசி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள். ஞாயிற்றுக்கிழமை. இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் இனிப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. சொன்னதும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் இரண்டரை. மெடிக்கல் ஷாப்பில் அவள் மட்டும். முதலாளி அண்ணாச்சி சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம், டியூஷன், எல்லாம். அதிலும் பாதியை இருமல் மருந்துக்காரரும் பஞ்சு கேட்பவரும் தின்றுவிடுவார்கள்.

ஒன்பது வருஷமாக இதே கவுன்டர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மருந்து எந்த டப்பாவில் என்று எடுத்துக்கொடுப்பாள். மஞ்சள் டப்பா, நீல டப்பா, வாய் உடைந்த டப்பா. அதே மாத்திரைகளுக்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர்கள். ஒன்பது வருஷம் பழகின ஆளைத் தெருவில் பார்த்து, நீ யார் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்குகிறது. அதில் இருக்கும் பெயர் ஆறுமுகநயினார். அந்த மனிதரை அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் அவர் ஸ்கூட்டரைவிட்டு இறங்கவில்லை.

அவளுக்கு வேண்டியது அந்தச் சட்டம். அதற்குள் அவள் பெயர்.

கேள்வியை இன்னொரு தடவை வாசித்தாள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் நோயாளி, மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பேன் என்று போட்டிருந்தாள். வேறு என்ன போடுவது? இந்தக் கடையில் வலி மாத்திரை தனியாகப் போனதே இல்லை. ஒன்றுக்கு ஒன்று ஜோடி. சேர்ந்த முதல் வாரமே அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது. கை பழகிவிட்டது.

சரியான விடை வேறு. கொடுக்கக் கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் கசியும். டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அனுப்பினால் போய்விடுவார்களாக்கும். எதிர்க்கடைக்குப் போவார்கள். இந்தக் கேள்வியை எழுதின ஆள் ஒருநாள் இங்கே வந்து நின்று பார்க்கட்டும். பென்சிலைத் தூக்கி மேஜையில் போட்டாள்.

"பிள்ள, முட்டிக்கு அந்த ரெட்ட மாத்திரயக் குடு."

கண்டக்டர் இசக்கி. ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற முழங்கால். படிக்க உட்கார்ந்தால்தான் ஊரில் எல்லாருக்கும் வலிக்கும்.

கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போனது. வலி மாத்திரை அட்டை. கேஸ் மாத்திரை அட்டை. கத்தரிக்கோல். பத்துப் பத்தாக வெட்டி உறையில் போட்டாள்.

நீட்டினாள். அவரும் பிடித்துவிட்டார்.

அவள் விடவில்லை.

இதயத்தில் வால்வு மாற்றின மனுஷன். ரத்தம் உறையாமலிருக்க மாசா மாசம் மாத்திரை வாங்குவதும் இதே கவுன்டரில்தான். எடுத்துக்கொடுப்பதும் அவள்தான். நாலு மாசமாக இந்த ரெட்டை மாத்திரையைக் கொடுப்பதும் அவள்தான்.



உறையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். இது உங்களுக்கு ஆகாது பெரியப்பா, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். சில்லறை இல்லாமல் பஸ் ஏறினவனைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். இத்தனை நாள் ஆனது இன்றைக்கு ஆகாதோ என்று முனகிக்கொண்டே தெருவைக் கடந்தார்.

எதிர்க்கடைக்கு. நினைத்த மாதிரியே.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிற ஆத்திரம். அவர்மேல். கேள்வி எழுதினவர்மேல். தன்மேல்தான் அதிகம்.

கடையை ஆளில்லாமல் விடக் கூடாது. அப்படி விட்ட ஒருத்தியை அண்ணாச்சி அன்று சாயங்காலமே வேலையைவிட்டு நிறுத்தினார். இந்த ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கவே மூன்று வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

எதிர்க்கடைப் பெண்ணின் கை தட்டுக்குப் போவது இங்கிருந்தே தெரிந்தது. முதலில் ஒரு அட்டை. அப்புறம் இன்னொன்று.

கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். செருப்பைக்கூட மாட்டவில்லை. தார் சுட்டது.

அவள் மூச்சுவாங்கச் சொன்னதைக் கேட்டு, எதிர்க்கடைப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அந்தக் கடைச் சுவரிலும் ஒரு சட்டம் இருந்தது. அதிலும் வேறு யாரோ ஒருவர் பெயர்.

இசக்கி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஆஸ்பத்திரித் தெருப் பக்கம் நடந்தார். அவர் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சியின் பைக் வாசலில் நின்றது. அவர் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் மூடிக் கிடந்தது. நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம கடைக்கு வந்துரு," என்றார்.

அப்புறம் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் பேப்பரை விரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டாள். இன்னும் எரிந்தது.

புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஹால் டிக்கெட்டை அங்கேதான் அடையாளத்துக்கு வைத்திருந்தாள்.

நின்றபடியே, அவர் முன்னாலேயே, முப்பத்தைந்தாம் கேள்வியை வாசிக்க ஆரம்பித்தாள்.